அம்மாவின் வீடியோக்கள் ஏறி முடியும்வரை

பொன்மலை,
ஞாயிறு காலை

அன்பு மகள் சுபாவுக்கு, அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். நீயும் கௌஹாத்தியில் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து மணிமேகலைப் பெரியம்மா புதன்கிழமை வந்து வத்தக்குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அதைத்தான் மூன்று நாளும் ஓட்டினேன். அங்கேயே வந்து இருக்கச் சொல்கிறார்கள். பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக எனக்கு இன்னும் கால் வரவில்லை, அம்மா மண்டபப் படித்துறையில் உன் அம்மாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த பிறகு ஆற்றைப் பார்க்கவே முடியவில்லை. இதைப் பெரியம்மாவிடம் சொல்லிவிடாதே, வருத்தப்படுவார்கள்.

இதை ஏன் கையால் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று கேட்பாய். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான். தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்து உன்னோடு பேசுகிறேன் அல்லவா, நடுவில் உன் முகம் அப்படியே நின்றுபோகிறது, வாய் பாதி திறந்தபடி, கண் அசையாமல். நெட் மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நீ மறுபடி அசைகிறவரை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு அப்படிக் கத்தியது அதனால்தான், உன் ரூம் தோழி பயந்து எழுந்துவிட்டாள் என்றாய், அவளிடம் அப்பா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு.

நேற்று லீவு போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆன் செய்த புதிதில்தான் மந்தம், அப்புறம் சரியாகிவிடும் என்று நீ சொன்னாய். பேசி முடித்த உடனே நான் அணைத்துவிடுகிறேன், அப்புறம் எப்படி இருக்கும் என்று நாம் இருவருமே பார்த்ததில்லை. வைஃபை பெட்டியை அலமாரி மேல் ஏற்றினேன், அதன் சேனலை மாற்றினேன், ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். லேப்டாப் அணைந்திருந்தால் என் ஃபோனில் நெட் பறக்கிறது, ஆன் செய்ததும் ஃபோனிலும் படுத்துவிடுகிறது. அப்படியென்றால் பெட்டியில் கோளாறு இல்லை, லேப்டாப்தான் லைன் முழுவதையும் விழுங்குகிறது. என்னோடு ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் ஹபீபுல்லா மாமாவை உனக்குத் தெரியுமே, அவர் வந்திருந்தார். எது மந்தமானாலும் முழுசாகப் பிரித்துக் கழுவி மாட்டுவதுதானே எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். "எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டுப் புதுசா ஏத்துங்க கலை, லேப்டாப்பு பச்சப்புள்ள மாதிரி ஆயிடும்"னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது, ஆமாம் என்பதன் மேல் அம்பை வைத்துவிட்டேன். அப்போது அவரே, "இருங்க இருங்க, உள்ள எது ஓடிக்கிட்டிருக்குன்னு பாத்தீங்களா? பாக்காம ஒரு மோட்டாரையாவது பிரிச்சிருக்கோமா நாம?"னார். பார்த்தேன் சுபா. அம்மா போட்டுவைத்திருந்த பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபோனில் இடம் இல்லையென்று அம்மா வீடியோ எல்லாவற்றையும் இந்த லேப்டாப்பில் போட்டுவிட்டு ஃபோனில் அழித்திருக்கிறாள். லேப்டாப் ஆன் ஆனதும் அவை நெட்டில் ஏறுகிற மாதிரி வைத்திருக்கிறாள். முதலில் உன் ஸ்கூல் ஆண்டு விழா, முழு நீளம். அது ஏறி முடிவதற்குள் நான் லேப்டாப்பையும் அணைத்து வைஃபை பெட்டியையும் சுவர் சுவிட்சிலேயே ஆஃப் செய்துவிடுகிறேன், மறுநாள் முதலிலிருந்து ஏறுகிறது. சுவிட்சைப் போட்டபடி விட்டுக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். பெரியம்மாகூட, "கரண்ட்டுன்னா இவருக்கு மாமியார்டி, வந்தாலும் பயம் போனாலும் பயம்" என்று அம்மாவிடம் கிண்டல் பண்ணுவார்கள். இத்தனை நாளாக ஒரு வீடியோகூட ஏறவில்லை. எல்லாம் இந்த ஒரு லேப்டாப்பில்தான் இருக்கிறது. அதன் டிஸ்க் டிக் டிக் என்று அடிக்கிறது, அந்தச் சத்தம் நல்லதில்லை என்று சொல்ல எனக்கு யாரும் வேண்டாம். பென் டிரைவில் எடுக்கப் பார்த்தேன், பாதியில் நின்று சத்தம் பெரிதானது, பயந்து நிறுத்திவிட்டேன். கடையில் கொடுக்க மனசு வரவில்லை.

ஆண்டு விழா வீடியோவைக் கொஞ்சம் மட்டும் கேட்டேன். அதில் அம்மா முகம் இல்லை, எடுத்தது அவள்தானே. குரல் மட்டும் வருகிறது, "என்னங்க, தலைய இறக்குங்க, புள்ள ஆடுறது தெரியல, உங்க சொட்டையத்தான் புடிச்சுக்கிட்டிருக்கேன்." உடனே நிறுத்திவிட்டேன். டிஸ்க் தேய்ந்துவிடுமோ என்று.

இப்போது லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆஃப் செய்யவில்லை. இதே வேகத்தில் போனால் செவ்வாய் ராத்திரி ஆகிவிடும். பேக்கப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு உன்னோடு பேசலாம்தான், ஆனால் ஓடுகிறதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் செவ்வாய்வரை வீடியோவில் வராதே சுபா. உன்னைப் பார்க்காமல் எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. ஃபோனில் கூப்பிடு. உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். உன் அம்மா போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ஃபோன் வந்தபோது நான் வேலையில், ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து என் ஃபோனுக்குச் சத்தம் கிடையாது, மணி அடித்தால் எடுக்கக் கை வராது. உனக்காகச் சத்தத்தைத் திறந்துவைக்கிறேன், எடுக்கிறேன்.

ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, தனியாகப் படகில் ஏறாதே, பரீட்சைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதே. நான் எடுத்ததும் ஹலோ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதே. "அப்பா, நான்தான், நல்லா இருக்கேன்" என்று முதலில் சொல்லிவிடு, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

உன் அப்பா,
கலையரசன்