ராசாத்தியின் தோளில் உன் கை

சொன்ன பேச்சுக் கேட்காத என் செல்லத் தம்பி மாதேசா,

நீ போன எட்டு மாதமாக உன்னை நினைத்து அழுதுகொண்டுதான் இருந்தேன். போன மாதம்தான் முதல்முறையாகக் கோபம் வந்தது. நேரில் இருந்திருந்தால் முதுகில் ரெண்டு வைத்திருப்பேன். இல்லாதவனை எங்கே போய் அடிப்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

ஒகேனக்கல் சாலைக் குரங்குகள் ஒன்பதை வருடம் இரண்டு முறை கூண்டில் பிடித்து, டாக்டர் மயக்க ஊசி போட்டதும், தோளில் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் குழாயில் அடைப்பது உன் வேலை. ஐஸ் பெட்டியோடு நீ தருமபுரிக்கு வந்து இறங்கினால், கல்லூரி ஆய்வகத்தில் அதை வாங்கிப் பக்குவம் செய்வது என் வேலை. ஒரே குரங்கின் தோலில் குடியிருக்கும் பாக்டீரியா காலப்போக்கில் மாறுகிறதா என்பது எங்கள் மேடத்தின் கேள்வி. முதல் இரண்டு வருடம் பெரிய மாற்றமில்லை. கோடையில் குறைந்த வகைகள் மழை பெய்ததும் திரும்பி வந்தன. அடுத்த இரண்டு வருடக் குழாய்களில்தான் மனிதத் தோலில் வாழும் வகைகள் ஒன்பது குரங்குகளிலும் மண்டிக் கிடந்தன.

மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "டூரிஸ்ட்டுங்ககூடப் பழகிப் பழகி இதுங்க தோலே மாறிட்டு வருது, பாத்தீங்களா சாந்தி? கட்டுரையில உங்க தம்பி பேரையும் போடறேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே செல்வியிடம் சொல்ல பென்னாகரம் ஓடினேன்.

உன் பெண்டாட்டி அடுப்படியில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் நீல நிற கிளவுஸ். எங்கள் ஆய்வகத்து கிளவுஸ்.

"ஏது செல்வி இது?"

"அவரு கொண்டாந்ததுங்க அண்ணி. வூட்டுல நாலஞ்சு பொட்டி கெடக்குது. இத மாட்டிக்கிட்டா கை எரியறதில்லீங்க."

பரண்மேல் இருந்ததை இறக்கிப் பார்த்தேன். கடைசி இரண்டு வருடம் நான் உன்னிடம் கொடுத்தனுப்பிய பெட்டிகள். செல்வி எடுத்த ஒன்றைத் தவிர மற்றவற்றில் ஒட்டுக்கூடப் பிரியவில்லை.

ஒருநாள் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ராசாத்தி என்று நீ பெயர் வைத்த அந்தக் காதறுந்த கிழட்டுக் குரங்கைப் பற்றி. "கிளவுஸ் போட்டா ராசாத்தி மெரளுதுக்கா. அரை மயக்கத்துல கெடக்கறப்ப வெறுங்கையில தோள அமுக்கிப் புடிச்சாத்தான் கம்முனு படுத்துக்குது. மத்ததுங்களும் அப்படித்தான்."

"செல்விகூட உனக்கு அவ்வளவு அடங்கறதில்லையே" என்று கேலி செய்து சிரித்தேன். அப்படிப் பிடித்தால் குச்சியில் உன் பாக்டீரியா அல்லவா ஏறும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அந்த மேசையில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள் நான். கையில் கிளவுஸ் கிடையாது, தலையில் ஹெல்மெட் கிடையாது. ஏண்டா அப்படி இருந்தாய்?

வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் உன் பெயர் அச்சில் வந்துவிடும். திரும்பி வந்த பஸ்ஸில் முழு வழியும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மேடத்திடம், "ஒரு சந்தேகம், மூணு வாரம் மட்டும் அனுப்பாம வைங்க" என்று கெஞ்சினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சம்மதித்தார்.

உன் தோலோடு ஒட்டிக் கிடந்த பொருள் ஏதாவது வேண்டும். மறுபடி பென்னாகரம் போய், செல்வியிடம் உன் வாட்ச்சைக் கேட்டேன். எதற்கு என்றாள். மறைக்க மனம் வரவில்லை.

"குச்சியில இருக்கறது குரங்கோடதா, அவன் கையோடதான்னு பாக்கணும்."

"அவரு கையா இருந்தா?"

"அந்தக் கட்டுரையே வராது. அவன் பேரும் வராது."

அவள் எழுந்து போய், பீரோவில் புடவைக்கு நடுவே வைத்திருந்த வாட்ச்சை எடுத்து வந்தாள். கொக்கி உடைந்தது என்று, பைக்கில் அடிபட்ட அன்றைக்கு நீ கட்டாமல் விட்டுப் போனது. ரப்பர் வாரின் உள்பக்கத்தில் உன் வியர்வை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கிளவுஸ் போட்டுக்கொண்டு அதில் குச்சியைத் தேய்த்தேன்.

அந்த மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. அது நீயாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அடுத்த நிமிடம், நீயாக இருந்துவிட்டால் எங்கள் ஃப்ரீசருக்குள் உன் கை இன்னும் இருக்கிறதே என்று ஆசையாக இருக்கும். இரண்டில் எதை நான் கேட்டிருக்க வேண்டும்?

நேற்று முடிவு வந்தது. வாட்ச்சில் இருந்த அதே வகைகள்தான் அந்த இரண்டு வருடக் குழாய்கள் எல்லாவற்றிலும். குரங்குகள் மாறவில்லை. அது நீதான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப ரெண்டு வருசம் போச்சா?"

"போச்சுங்க மேடம்."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"எனக்குத் தெரியுமேங்க."

அந்தக் குழாய்களை அழிக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார். செய்தேன். ராசாத்தியுடையதைக் கடைசியாகப் போட்டேன். வெளியே வந்து செல்விக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒம்பது கொரங்கு மேலயும் அவரு கை இருந்துச்சுங்களா அண்ணி?"

"இருந்துச்சு."

"அப்ப ஒரு கொரங்கையும் அவரு பயப்பட வுடல."

மழை முடிந்ததும் அடுத்த கூண்டு வைக்கிறார்கள். இந்த முறை நான் போகிறேன், மாதேசா. கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் குச்சியைத் தேய்ப்பேன். ராசாத்தி எவ்வளவு மிரண்டாலும் கழற்றமாட்டேன். குழாயை இறுக மூடிப் பெட்டிக்குள் வைத்த பிறகு கழற்றிவிட்டு, அவளுக்கு மயக்கம் தெளியும் வரை தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கையில் இருப்பது அடுத்த முறை கூண்டு வைப்பதற்குள் அவள் தோலைவிட்டுப் போய்விடுமா என்று மேடத்திடம் கேட்டுவிட்டேன். போய்விடுமாம்.

அன்றைக்கே உன்னை அதட்டாமல் சிரித்துவிட்ட,
உன் அக்கா சாந்தி