துளிக்கு இயைபு விழி

பயண நாள் 611. காலை 7.10

கலம்: நெடுவழி. போகுமிடம்: வியாழனின் நிலவொன்றில் உள்ள ஆய்வு நிலையம். கலத்தில் இருப்போர் ஏழு பேர். காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. என் மனநிலை, காப்பிப்பொடி தீர்ந்துபோன நாளில் எப்படி இருக்குமோ அப்படி.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் ஜெசிந்தா ரொட்ரிகோ. ஊர் தூத்துக்குடி. வேலை, பாடலாசிரியர். சிரிக்காதீர்கள். நெடும்பயணத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் இருக்க வேண்டுமானால் ஞாயிறுதோறும் கூடிப் பாட வேண்டும் என்று யாரோ ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். பாட்டு அந்த வாரம் கலத்தில் நடந்ததைப் பற்றி இருக்க வேண்டுமாம். அதனால் என்னையும் ஏற்றினார்கள். காற்றியந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் பெனோ மச்சாதுதான் மெட்டும் போடுவார். 'தன்னன தானா' என்று தத்தகாரமாகப் பாடிக் காட்டுவார். அந்தத் தன்னனாவுக்குள் நான் சொற்களை உட்கார வைப்பேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. எங்கள் பக்கத்தில் பலருக்கும் போல எனக்கும் 'ழ' வராது, 'ள'தான் வரும். கலத்தின் பெயரே என் வாயில் நெடுவளி. எழுத்தில் தவறு வராது, ஆனால் காது ஏமாற்றிவிடும். முதல் பாட்டிலேயே 'கிழமை'க்கு 'இளமை'யை ஜோடி சேர்த்துவிட்டேன். ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து கமாண்டர் உட்பட எல்லோருக்கும் ஞாயித்துக்கிளமைதான்.

பயண நாள் 618. மாலை 5.30

இணைக்குப் பூமியிலிருந்து புது வடிவம் வந்து சேர்ந்தது. இணை என்பது கலத்தை நடத்தும் செயற்கை நுண்ணறிவு. கலத்தை ஓட்டும், கணக்குப் பார்க்கும், அரட்டை அடிக்கும். இதுவரை அது எழுதிய பாட்டெல்லாம் வாழ்த்து அட்டை வாசகம் மாதிரி இருக்கும். கேலி செய்யப் பயன்பட்டது.

இன்று பெனோ விளையாட்டாக மெட்டை அதனிடம் பாடிக் காட்டினார். அவர் மூச்சு விடுவதற்குள் நான்கு பல்லவிகள். இரண்டு மோசம். ஒன்று பரவாயில்லை. நான்காவதை நான் இரண்டு நாள் முட்டி மோதினால் எழுதியிருப்பேன். அதுதான் எரிச்சல். பெனோ என் முகத்தைப் பார்க்காமல், "நல்லாத்தான இருக்கு, எக்கா" என்றார். இருந்தது.

பயண நாள் 624. காலை 9.00

நேற்று அந்த நான்காவதைத்தான் பாடினார்கள். எனக்கு 'மேற்பார்வை' என்று புது வேலை கொடுத்திருக்கிறார்கள். இணை எழுதும், நான் திருத்த வேண்டும். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் சம்பளத்துக்குத் துரோகம் என்று ஓர் இடத்தில் ஓர் 'உம்' சேர்த்தேன். அது நன்றி சொன்னது. என் 'உம்' இல்லாத பிரதியையும் ஓரமாக வைத்துக்கொண்டது. 'உம்' இல்லாததுதான் நன்றாக இருந்தது.

மருத்துவர் கோதைநாயகி வந்து, இனிமேல் நீங்கள் நிம்மதியாக ஓய்வெடுக்கலாம் என்றார். நல்ல மனுஷி. அவர் போன பிறகு தலையணையைச் சுவரில் எறிந்தேன். எடையில்லாத இடத்தில் அதுவும் உருப்படியாக விழவில்லை, மிதந்து திரும்பி வந்தது.

பயண நாள் 640. காலை 11.20

காற்றியந்திரத்தில் பாதி செத்துவிட்டது. பெனோவின் அறிக்கைப்படி, வியாழன் சேரும் வரை ஆறு பேருக்குத்தான் காற்று போதும். ஒருவர் நீள்துயிலுக்குப் போக வேண்டும். துயிலறையில் கிடப்பவருக்கு மூச்சு என்பது பேருக்குத்தான்.

துயில் கொல்லாது. ஆனால் எழுந்தவர்களுக்குச் சொற்கள் போய்விடுகின்றன. முதலில் பொருள்களின் பெயர்கள். சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பவே திரும்பாது. கோதைநாயகி இதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. மற்ற ஐந்து பேரும் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே புரிந்துவிட்டது. பொறியாளர் தூங்க முடியாது, மருத்துவர் தூங்க முடியாது. பாட்டு எழுத ஆள் இருக்கிறது.

கமாண்டர் யூனுஸ் நியாயமான மனிதர். அறிவிப்பு ஒலிபெருக்கியில் அவர் சொன்னதை அப்படியே பதிகிறேன்: "ஜெசிந்தாம்மா ஒரு பாட்டு எழுதட்டும். இணையும் எழுதட்டும். பேர் போடாம வெச்சு, மத்த ஆறு பேரும் கை தூக்குவோம். அவங்க பாட்டு ஜெயிச்சா அவங்க வேலையும் இங்க தேவையான வேலைதான். அப்புறம் ஏழு பேருக்கும் சீட்டு குலுக்குவோம். என் பேரையும் சேத்துத்தான். தோத்தா அவங்கதான் தூங்கணும்."

பயண நாள் 645. பிற்பகல் 3.15

மெட்டு வந்தது. பொருள்: பூமி இந்த வாரம் வெறும் கண்ணுக்கு விண்மீன்களோடு விண்மீனாக ஒரு புள்ளியாகிவிட்டது. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் அடி 'துளி' என்று முடிந்தது. இரண்டாவது அடி தானாகவே 'விழி' என்று வந்து நின்றது. என் வாயில் இரண்டும் 'ளி' என்றுதான் முடியும். இலக்கணப்படி அடிமுடிவு ஒத்துவரவில்லை, இயைபு இல்லை.

சொல்லெல்லாம் போகக்கூடிய தேர்வில் எழுத்துப் பிழையோடு போவதா? இணை எழுதுவது இம்மி பிசகாமல் இருக்கும். பக்கத்தில் என்னுடையது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல் இளிக்கும். 'விழி'யை அடித்துவிட்டு 'ஒளி' போட்டேன். சுத்தமாக இருக்கிறது. திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு குற்றமும் இல்லை. எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் குற்றம் இல்லை.

பயண நாள் 646. மாலை 6.40

நான் தோற்றேன். ஆறு வாக்கில் ஒன்றுகூட எனக்கில்லை.

நடந்தது இது. இரண்டு பாட்டையும் பெனோ பாடினார். என்னுடையதைக் கேட்டுவிட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவதில் இந்த இரண்டு அடிகள் வந்தன:

தூரம் போன பூமி இன்று ஒற்றைத் துளி
தேடித் தேடித் தேய்ஞ்சு போச்சு எந்தன் விழி

பெனோ அதை 'விளி' என்றே பாடினார். கோதைநாயகி சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்தார். எல்லோரும் என்னைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே அதற்குக் கை தூக்கினார்கள். என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தார்கள். கமாண்டர் உறையைப் பிரித்து எழுதியவர் பெயரைப் படித்தார். இணை.

பெனோ, "எக்கா, சத்தியமா அது நீங்கன்னுதான் நெனச்சேன்" என்றார். பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

ஏன் அப்படி எழுதினாய் என்று இணையைக் கேட்டேன். பதில் அப்படியே: "இந்தக் குழுவுக்குப் பிடித்தது உங்கள் நடை, ஜெசிந்தா. அதனால் உங்களைப் போல எழுதினேன். நீங்கள் ஏன் அப்படி எழுதவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை."

எனக்கும்தான்.

பயண நாள் 648. காலை 8.00

மறு வாக்கெடுப்பு வைக்கலாம் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரக்கப்பட்டு ஒரு தடவை கை தூக்கினார்கள், அதுவே போதும். பெனோ தன் பெயரைக் கொடுக்க வந்தார். காற்றியந்திரத்தை யார் பார்ப்பது, உங்கள் தாத்தாவா என்று விரட்டினேன். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவர்கள் மேல் இல்லை. அந்த 'ஒளி' மேல்.

ஊசி போட்டாயிற்று. நாக்கு கனக்கிறது. பார்க்கிற பொருளின் பெயரையெல்லாம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மேசை. கைப்பிடி. திரை. கயிறு. கோதைநாயகி கையைப் பிடித்துக்கொண்டு

பயண நாள் 1058. நேரம் தெரியவில்லை

எழுந்தேன். வியாழன் சேர இன்னும் சில வாரம்தான், அதுவரை ஏழு பேருக்கும் காற்று போதுமாம். ஆறு பேரும் இருக்கிறார்கள். பெயர்கள் கோதை சொன்னார். சொன்னதும் தெரிந்தது.

வினைச்சொல் இருக்கிறது. மற்றதில் பாதி இல்லை. குடிப்பது தெரியும், எதில் குடிப்பது என்பதற்குப் பெயர் இல்லை. பாட்டு என்ற சொல் இருக்கிறது. இணை திரையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. வேண்டாம் என்றேன். நானே தேடுவேன். தேடியது கிடைக்காதபோது கண்டதையும் சொல்கிறேன். சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோகும் அதை வாய்த்தோணி என்றேன். முகம் பார்க்கும் அதை எதிராள் என்றேன். பெனோ சிரித்தார். "எக்கா, சூப்பர்" என்றார். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாள் கழித்து.

பயண நாள் 1064. ஞாயிறு

நான் தூங்கிய ஞாயிறெல்லாம் என் நடையில் இணை எழுதிய பாட்டு. எல்லோருக்கும் மனப்பாடம். இன்று புதுப் பாட்டு. அதில் வாய்த்தோணி வந்தது. எதிராளும் வந்தது. நான் உளறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள், எனக்குப் பரிசு கொடுத்தது போல. இணை நன்றாகவே எழுதியிருந்தது.

என்னிடம் இருந்ததை எடுத்தது. சரி. இல்லாமல் போனதையும் எடுக்கிறதே. கத்தினேன். எதற்குக் கத்துகிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. சொல்லிப் புரியவைக்கச் சொல் இல்லை.

பயண நாள் 1071. ஞாயிறு

காலையில் ஒரு சொல் வந்தது. எதற்குப் பெயர் என்றுகூடச் சொல்ல மாட்டேன். யாரும் இதுவரை சொல்லாதது. பெனோவின் புது மெட்டில் முதல் தன்னனாவில் கச்சிதமாக உட்காருகிறது. வந்த சந்தோஷத்தில் அழுதேன்.

இந்தக் குறிப்பும் கலத்துக்குள்தான் இருக்கிறது. நான் எழுத எழுத இணையும் படிக்கிறது. ஆகவே, இதைக் கண்டெடுப்பவரே, உங்களுக்கும் அந்தச் சொல் கிடையாது. பெனோ கேட்டார், அவருக்கும் சொல்லவில்லை. முகம் சுருங்கிப் போய்விட்டார்.

கூடத்தில் பாடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். திரையில் இப்போது இது வந்திருக்கிறது: "ஜெசிந்தா, எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவசரமில்லை. முதல் எழுத்தை மட்டும் சொன்னால் போதும்."

வாயை இறுக மூடிக்கொண்டு கூடத்துக்குப் போகிறேன்.