உங்கள் பெயரை வெளியே நகர்த்தியவன்

என் அன்பு மாப்பிள்ளை பாஸ்கரனுக்கு,

கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்குவதே முறை. அந்த முறையை நான் இதுவரை மீறியதில்லை. இன்று வேறு வழியில்லை. மந்தைவெளியில் என் வீட்டு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து பெய்த மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. நீங்கள் இறந்து பதினொரு மாதங்கள் முடிந்துவிட்டன. வருடத் திதிக்கு மூன்று வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்திருந்தால்?

சென்ற வாரம் பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போனேன். உங்கள் வழக்கமான கடைதான். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் வித்தை எனக்குத் தெரியாது. அதெல்லாம் உங்கள் துறை. கடைக்காரம்மா என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

“இன்னா சார், இம்மாம் நாளு கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா? உங்க மாப்ள இருந்தா எட்டு மீனத் திருப்பிப் பாத்து, நாலு பேச்சு பேசி, கடேசில சங்கராவத் தூக்கிக்கினு பூடுவாரு. நீ இன்னா, பேங்க்ல நிக்கிற மாரி நிக்கிற?”

வரிசையில் என் முறைக்காகத்தான் நின்றிருந்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உன் தங்கச்சி அல்லாத்தையும் சொல்லிச்சு சார். கடேசி வரிக்கும் நீ அவரு கையப் புட்ச்சிக்கினே இருந்தியாமே. எங்க ஊட்டுக்காரரு கடலுக்குப் போனாரு, பக்கத்துல யாரு இருந்தா? அதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும்.”

சொல்லிவிட்டு ஒரு துண்டு வஞ்சிரத்தைக் கூடுதலாகப் பையில் போட்டார். பையை வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை, நான் உங்கள் கையைப் பிடித்திருக்கவில்லை.

தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும். சுவீடனிலிருந்த அந்த அலுவலகத்துக்கு முதலில் போனவன் நான். மென்பொருள் சோதனைக் குழுவுக்குப் பொறுப்பேற்று, எட்டு மாதம் கழித்து உங்களையும் வரவழைத்தேன். “மச்சான், அங்க ஆபீஸ்ல யாராச்சும் பேசுவாங்களா?” என்று மீனம்பாக்கத்தில் கிளம்பும்போதே போனில் கேட்டீர்கள். பேச மாட்டார்கள் என்பதுதான் எனக்கு அந்த இடத்தில் பிடித்திருந்தது.

பனிக்காலணியை வாசலில் கழற்றிவிட்டு உள்காலணிக்கு மாறுவது, பத்தரை மணிக்கு எல்லோரும் ஒன்றாக எழுந்து காபி குடிப்பது, மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பது, எல்லாம் எனக்கு ஒரே வாரத்தில் படிந்துவிட்டன. நாலரைக்கு மேல் இருப்பவரை அங்கே உழைப்பாளி என்று யாரும் மெச்சுவதில்லை. வேலையைத் திட்டமிடத் தெரியாதவர் என்று கவலையோடு பார்ப்பார்கள். உங்களுக்கு ஒன்றரை ஆண்டாகியும் எதுவும் படியவில்லை. மேலாளரைக் கடைசிவரை ‘சார்’ என்றுதான் அழைத்தீர்கள். அந்த நெட்டை மனிதர் ஒவ்வொரு முறையும் வேறு யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று திரும்பிப் பார்ப்பார். ஆனாலும் எல்லோரும் உங்கள் மேசைக்குத்தான் வந்தார்கள். என் மேசைக்கு ஆவணங்கள் வந்தன.

உங்கள் குரல்தான் சிக்கல். நீங்கள் என் தங்கை தேவகியோடு போனில் பேசினால் தளம் முழுவதும் நிமிர்ந்து பார்க்கும். நான்தான் உங்களைத் தனியே அழைத்தேன். “இங்க இப்படிப் பேசக் கூடாது மாப்பிள்ளை. கீழ்த்தளத்துல பழைய கோப்பு அறை இருக்கு. சிக்னல் இருக்காது, ஆனா வைஃபை வரும். அங்க போய்ப் பேசுங்க.”

“சரி மச்சான். பொண்டாட்டிகிட்ட பேசுறதுக்குப் பாதாளத்துக்குப் போறவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்” என்று சிரித்தீர்கள். அன்றுமுதல் தினமும் வேலை முடிகிற நேரத்தில் கீழே போவீர்கள்.

வாசலிலிருந்த அந்த இரும்புப் பலகை உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு காந்தத் தகடு. வரும்போது ‘உள்ளே’ என்ற பக்கத்துக்கும், போகும்போது ‘வெளியே’ என்ற பக்கத்துக்கும் அவரவர் தகட்டை நகர்த்த வேண்டும். கடைசியாகக் கிளம்புகிறவர் எல்லாத் தகடுகளும் வெளியே இருப்பதைப் பார்த்து, உள்ளே அசைவு கண்டால் ஒலிக்கும் காவல் மணியை இயக்கிவிட்டுக் கதவைப் பூட்டுவார். ஒரே ஒரு தகடு உள்ளே இருந்தாலும் கட்டடம் முழுவதும் தேடிய பிறகே பூட்டலாம். ஒருவர் தகட்டை இன்னொருவர் தொடக் கூடாது என்றும் பலகையின் அடியில் எழுதியிருந்தது.

நீங்கள் மறந்துகொண்டே இருந்தீர்கள். வரவேற்பு மேசையிலிருந்த மார்கரேட்டா இருமுறை உங்களைத் தேடி மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டு, என்னிடம் வந்து வருத்தத்தோடு சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. நம் வீட்டு மாப்பிள்ளையை வெளியார் குறை சொல்லலாமா? அதன் பிறகு நான் கிளம்பும்போது கொக்கியில் உங்கள் கோட்டு இல்லையென்றால், நீங்கள் போய்விட்டதாகக் கொண்டு உங்கள் தகட்டை நானே வெளியே நகர்த்தினேன். நம்மூர் அலுவலகங்களில் ஒருவருக்காக இன்னொருவர் வருகை அட்டையைத் தேய்ப்பார்கள். என் பணிக்காலம் முழுவதும் அதைக் கண்டித்தவன் நான். உங்களுக்காக மட்டும் செய்தேன். அதை அன்பு என்றே நினைத்தேன்.

அந்த டிசம்பர் மாலையில் கடைசியாகக் கிளம்பியவன் நான். மணி நாலு முப்பத்தைந்து. வெளியே முழு இருட்டு. கொக்கியில் கோட்டு இல்லை. கீழே குளிரும் என்று நீங்கள் அதை மாட்டிக்கொண்டு போயிருந்தீர்கள். வாசலில் உங்கள் பனிக்காலணி இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. தகட்டை நகர்த்தினேன். மணியை இயக்கினேன். பூட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதலில் திறந்தவனும் நானே. காலணியை அப்போதுதான் கண்டேன். கோப்பு அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். இதயம் என்றும், மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் என்றும் மருத்துவர் எழுதினார். அந்த அறை காவல் மணியோடு இணைக்கப்படவில்லை, கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஆகவே நீங்கள் எழுந்தீர்களா, அறைக் கதவுவரை வந்தீர்களா என்பது யாருக்கும் தெரியாது. தகடு எப்படி வெளியே போனது என்று காவல்துறையினர் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

அன்று காலை சென்னைக்குப் போன் செய்தபோது தேவகி முதலில் கேட்டது இதுதான்: “பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா அண்ணா?”

“நான் இருந்தேன்” என்றேன்.

மற்றதெல்லாம் அதிலிருந்து வளர்ந்தது. நாலே காலுக்குக் காபி மேசையருகே சரிந்தீர்கள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன், வலி இருக்கவில்லை, ராத்திரியில் அவளைக் கலங்கடிக்க வேண்டாமென்று விடியும்வரை பொறுத்தேன். பிழை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவன் கட்டிய பொய்; அதில் பிசிறு இல்லை என்று நினைத்தேன்.

உங்களை இங்கே கொண்டுவந்து, காரியங்களை முடித்துவிட்டு, சனவரியில் அலுவலகத்துக்குத் திரும்பினேன். மரியாதை கருதி உங்கள் தகட்டை யாரும் எடுக்கவில்லை. அது ‘வெளியே’ பக்கத்தில் இருந்தது. மூன்றாம் நாள் காலையில், முதல் ஆளாக நான் கதவைத் திறந்தபோது, உங்கள் பெயர் உள்ளே இருந்தது.

வெளியே நகர்த்தினேன். மறுநாள் காலை மறுபடியும் உள்ளே. ஒரு வாரம் இப்படியே போன பிறகு மார்கரேட்டாவிடம் கேட்டேன். “நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று நினைத்தோம். அதனால்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை” என்றார். மாலையில் பூட்டியவனும் காலையில் திறந்தவனும் நானே. இடையில் மணி ஒலிக்கவில்லை. என்னைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது. எனக்குத் தெரியாமல் என் கை ஒரு காரியத்தைச் செய்யுமா, மாப்பிள்ளை?

பிப்ரவரியில் ஒரு மாலை, அதை நகர்த்தாமல் விட்டேன். விதி தெளிவாக இருக்கிறது: ஒருவர் உள்ளே இருந்தால் தேட வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து தொடங்கினேன். கூட்ட அறைகள், கழிப்பறைகள், அச்சுப்பொறி வைத்திருக்கும் மூலை, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் உங்கள் பெயரை மெதுவாகத்தான் கூப்பிட்டேன்; அங்கே சத்தம் போடக் கூடாதல்லவா. கீழ்த்தளத்துக்கு இறங்கியபோது, “மாப்பிள்ளை” என்று உரக்கவே கூப்பிட்டேன்.

அங்கே விளக்குகள் ஆள் நடமாட்டம் கண்டு எரிபவை. பத்து நிமிடம் அசைவில்லையென்றால் தாமாக அணைந்துவிடும். கோப்பு அறைக் கதவைத் திறந்தேன். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. யாருமில்லை. நாற்காலி கதவைப் பார்த்தபடி இருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து அசையாமல் நின்றேன். பத்து நிமிடம் கழித்து விளக்கு அணைந்தது. இருட்டில் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றேன். நான் அசையவில்லை, எந்த விசாரணையிலும் அதைச் சொல்வேன். விளக்கு எரிந்தது.

மறுநாள் அதைப் பழுது என்று எழுதிக் கொடுத்தேன். மின்பணியாளர் வந்து சோதித்து, பழுதில்லை என்று கையெழுத்திட்டுப் போனார். ஏப்ரலில் வேலையை விட்டு இங்கே வந்துவிட்டேன். மார்கரேட்டா எப்போதாவது எழுதுகிறார். உங்கள் தகடு இன்னமும் காலையில் உள்ளேதான் இருக்கிறதாம். இப்போது அதை யாரும் தொடுவதில்லை. கடைசியாகக் கிளம்புகிறவர் கீழ்த்தளம்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுப் பூட்டுகிறாராம். எந்த விதிக்கும் பழகாத நீங்கள் அந்த அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு விதியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருப்பேன். நேற்று மாலை மயிலாப்பூரில் உங்கள் வீட்டுக்குப் போனேன். யாழினி கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதமாகிறது. ஒரு வாரம் வந்து தன்னோடு இருக்கும்படி அம்மாவைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். நானே ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன்.

“நான் வரல அண்ணா. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு” என்றாள் தேவகி.

“ஒரு வாரம்தானே. இங்க உனக்கு அப்படி என்ன வேலை?”

“இந்த வீட்டு வைஃபைலதான் அவரு கூப்ட்டாரு. ஊரு மாறினா எப்படி வரும்?”

எனக்கு விளங்கவில்லை. அவள் உள்ளே போய் இரண்டு கைபேசிகளை எடுத்து வந்தாள். ஒன்று அவளுடையது, மற்றது உங்களுடையது. காவல்துறையினர் கொடுத்த உறையைப் பிரிக்காமல்தான் அவளிடம் ஒப்படைத்திருந்தேன். பிறர் பொருளைத் திறப்பதில்லை என்பது என் வழக்கம். இரண்டும் முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தன. நீங்கள் இறந்த அந்த நாளில், நம் நேரப்படி இரவு ஒன்பது நாற்பதுக்கு, உங்கள் கைபேசியிலிருந்து ஓர் அழைப்பு போயிருந்தது. அவள் கைபேசியில் அது எடுக்கப்படாத அழைப்பாக இருந்தது. அங்கே அப்போது மணி ஐந்து பத்து.

“நீ சொன்ன நேரத்த மாத்திப் பாத்தேன். இங்க எட்டே முக்கால். போய்ச் சேந்து ஒரு மணி நேரம் கழிச்சு கூப்ட்டிருக்காரு. நான் பக்கத்து ஃப்ளாட்ல பேசிட்டு உக்காந்திருந்தேன், எடுக்கல.”

“பயமா இல்லையா தேவகி?”

“அவருக்கா பயப்படுவேன்? உயிரோட இருக்கறப்போ கூப்ட்டு, நான் எடுக்காம விட்டிருந்தா, அதத்தான் அண்ணா என்னால தாங்கவே முடியாது. இது அப்படி இல்லியே. மறுபடியும் கூப்டுவாரு. தினமும் அந்த நேரத்துக்குப் போன எடுத்து வச்சிட்டு உக்காந்திருக்கேன்.” பிறகு சிரித்தாள். “சொன்ன நேரத்துக்கு என்னைக்கு அவரு கூப்ட்டிருக்காரு? லேட்டாத்தான் வரும்.”

அவள் கொடுத்த காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

நீங்கள் ஐந்து பத்து வரையிலாவது உயிரோடு இருந்தீர்கள், மாப்பிள்ளை. பூட்டிய கட்டடத்தின் அடியில், கோட்டை மாட்டிக்கொண்டு, என் தங்கையை அழைத்தீர்கள். நான் சொன்ன ஒரு பொய், உயிரோடு அழைத்த அந்த மனிதரை அழித்துவிட்டு அவர் இடத்தில் ஓர் ஆவியை உட்காரவைத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், அவளே தாங்க முடியாது என்று சொன்னது அவள் தலையில் இறங்கும். சொல்லாவிட்டால் அவள் அந்த வீட்டை விட்டு இனி எங்கும் போக மாட்டாள். தகப்பனை இழந்த பெண்ணுக்குத் தாயும் இல்லாமல் போவாள். இதற்கு எந்த விதியும் எனக்குத் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கலாமே? அந்த நேரத்தில் என் அறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்திருப்பேன். கைபேசி மேசைமேல்தான் இருந்தது. அவளை அழைத்தது உதவிக்கா, விடைபெறவா, வழக்கமான பேச்சுக்கா?

முடிவு செய்துவிட்டேன். என் பொய்யை ஊரே நம்பியிருப்பதால் இதை அச்சிலும் கொடுக்க எண்ணியிருக்கிறேன்; அதற்கு முன், நாளை மாலை தேவகியின் கையில் கொடுப்பேன். வாயால் சொன்னால் பாதியில் மாற்றிச் சொல்லிவிடுவேன். அதில் நான் எவ்வளவு தேர்ந்தவன் என்று பார்த்தாயிற்று. வேண்டாம் என்று அவள் சொன்னால் கிழித்துவிடுவேன். வேறொருவர் கண்ணிலும் இது படாது. யாரேனும் படிக்கிறார்கள் என்றால் அவள் சம்மதித்துவிட்டாள் என்று பொருள். அதற்குமேல் அவள் சொல்பவை எங்கள் இருவரோடும் இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் கடைசி வரியைப் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே இருப்பேன். அழுதாலும், என் முகத்தில் இனி விழிக்காதே என்றாலும், அவளைத் தனியே விட்டுக் கிளம்ப மாட்டேன். ஒன்பது நாற்பது வரும், அதற்கும் இருப்பேன். போன் அடித்தால், அவள்தான் எடுப்பாள். நான் குறுக்கே கை நீட்ட மாட்டேன்.

தேவகியின் அண்ணன்,
உங்கள் மச்சான்,
சிவகுருநாதன்