இரண்டு கலண்டரிலும் சிவப்பு வட்டம்

வெள்ளவத்தை,
மாசி 9.

அன்புள்ள மகள் சாமினிக்கு,

இருவரும் சுகம் என்று எழுதித் தொடங்குவதில் இம்முறை ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. அம்மா தான் சுகம் என்கிறா, ஸ்கான் றிப்போட் அதை ஏற்கவில்லை. எனக்குச் சுகம். நீ இருக்கும் பேர்கனில் மழை விட்டதோ தெரியாது, விடாவிட்டாலும் நீ சுகமாய் இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறோம். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று கேட்பாய். உன் அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போட வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம், பக்கத்தில் இருந்து அம்மா நான் சொல்வதையெல்லாம் திருத்துவா. இதை அவ திருத்தாமல் நீ வாசிக்க வேண்டும். உன் கைக்கு வர மூன்று கிழமை எடுக்கும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள், அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது.

போன கிழமை டொக்டர் எங்களை இருத்தி வைத்து ஆறுதலாய் விளக்கினார். அம்மாவின் மார்பில் உள்ள கட்டி மெதுவாக வளரும் வகையாம். ஒப்பரேசன் செய்து அதை எடுத்துவிட்டு மூன்று கிழமை கதிர் வைத்தியம் செய்யலாம், அதோடு புற்றுநோய் போய்விடக் கூடும், ஆனால் எழுபத்தொரு வயதில் அம்மாவின் இதயம் மயக்க மருந்தைத் தாங்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லாவிட்டால் வெட்டாமல் தினம் ஒரு குளிசை, அது சில வருடம் கட்டியை அடக்கி வைக்கும், பிறகு என்ன என்று அவருக்கும் தெரியாது. இரண்டும் ஏற்ற வழிதான், முடிவு உங்களுடையது என்றார். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கச் சுற்றறிக்கைகளைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றியவன் நான், பொறுப்பைக் கைமாற்றும் வசனத்தை இவ்வளவு மரியாதையாக எந்தத் திணைக்களமும் எழுதியதில்லை. நான் ஒப்பரேசன் பக்கம், அம்மா குளிசைப் பக்கம். நான் கனகாலம் இருக்க வேண்டும் என்கிறீங்களே, அது எனக்காகவோ உங்களுக்காகவோ என்று அம்மா கேட்டா. நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன்.

இதையே நினைத்துக்கொண்டு மூலையில் இருக்கிறோம் என்று நினைக்காதே. புதன்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ஏறிப் பாணந்துறை வரை போய் அடுத்த ரயிலில் திரும்பி வருகிறோம். பாணந்துறையில் எங்களுக்கு ஒரு அலுவலும் இல்லை. கடல் பக்கத்து ஜன்னல் அம்மாவுக்கு, கடலைப் பார்க்கும் அம்மா எனக்கு. போன புதன் இறால் வடை இரண்டு தின்றா, கொழுப்பு கூடாதே என்றேன், என்னைக் கொண்டுபோக ஏற்கெனவே ஒன்று வரிசையில் நிற்கிறது, வடை அதற்குப் பின்னால் வந்து நிற்கட்டும் என்றா. இங்கே லிஃப்டில் ஏறினால் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வைத்தியம் கிடைக்கிறது, மூன்றாம் மாடி பப்பாசி இலை, ஐந்தாம் மாடி மஞ்சள். கீழ்வீட்டு ஹமீமா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இனிக்க இனிக்க வட்டிலப்பம் செய்து அனுப்புகிறா. இதுவரை அம்மாவின் முகத்தில் பலன் தெரிந்தது அந்த வைத்தியத்தில்தான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அம்மா வீட்டார் வாக்கிய பஞ்சாங்கம், என் ஆட்கள் திருக்கணிதம், அதனால் நம் சுவரில் கலண்டரும் இரண்டு. நாற்பத்துநாலு வருடமாகச் சித்திரைப் புதுவருடம் இந்த வீட்டில் இரண்டு தரம் பிறக்கிறது, அவ தன் நேரத்துக்கு மூலிகை அவித்த மருத்துநீர் வைத்து முழுகுவா, நான் என் நேரத்துக்கு. நீ இரண்டுக்கும் முழுகித் தடிமன் பிடித்துத் தும்மியவள். எதற்கும் ஒப்பரேசனுக்கு ஒரு திகதி போட்டு வைப்போம் என்று டொக்டர் மாசி பதினாறைச் சொன்னபோது அம்மா கைப்பையிலிருந்து தன் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்து, கரிநாள் என்றா. தாதி மேனுகா தங்கள் பஞ்சாங்கத்திலும் அன்றைக்கு நல்ல நேரம் இல்லை என்று சிங்களத்தில் ஒத்து ஊதினாள். அப்படியானால் பங்குனி ஐந்து என்றார் டொக்டர். வாக்கியத்தில் அன்று ஒரு குற்றமும் இல்லை. அப்போது அம்மா என் பக்கம் திரும்பி, உங்கட பஞ்சாங்கத்தில் எப்படி என்று கேட்டா. நாற்பத்துநாலு வருடத்தில் முதல் தடவை, பிள்ளை. கடைசியில் திருக்கணிதம் வென்றதென்ற அற்ப சந்தோசத்தில் நானும் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன், அந்த நேரத்துக்கு அட்டமி தொடங்கியிருந்தது. கூடாது என்றா, பரம்பரைத் திருக்கணிதக்காரி மாதிரி. பங்குனி முடிவு வரை பொறுக்கலாம், அதற்குமேல் பொறுக்க முடியாது என்று டொக்டர் கையை விரித்தார்.

நேற்றுத்தான் கவனித்தேன், இரண்டு கலண்டரிலும் பங்குனி இருபத்தொன்பதைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறா. எனக்குப் பிடிபட ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் எடுத்தது. ஈஸ்டருக்குப் பத்து நாள் லீவு இருக்கு, ஆனால் வந்து போக அது காணாது, ஜூலையில் வாறேன் என்று தைப்பொங்கலன்று சொன்னாயே, அந்த ஈஸ்டர் லீவின் மூன்றாம் நாள் அது. வசதியைப் பார்த்து வா பிள்ளை என்று அன்று அம்மா சொன்னா, நானும் அதையேதான் சொன்னேன். கேட்டபோது முதலில் மறுத்தா. பிறகு, அவள் வந்து நின்றால் வெட்டுவோம், மயக்கம் தெளியும்போது உங்கட முகத்தை மட்டும் பார்க்க என்னால் ஏலாது, அதை நாற்பத்துநாலு வருடம் பார்த்தாச்சு என்றா. உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினா. அந்தச் சத்தியத்தைத்தான் இங்கே முறித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த நோயைப் பற்றி நீ போனில் அனுப்பும் கட்டுரைகள் எல்லாம் வாசித்துவிட்டேன், இனி அனுப்பாதே. எந்த வழி நல்லது என்று உன் அபிப்பிராயம் கேட்டு இதை எழுதவில்லை. வந்த பிறகு அம்மா மனம் மாறிக் குளிசை என்றாலும் நான் வாய் திறக்க மாட்டேன், மூன்று பேருமாய்ப் பாணந்துறைக்குப் போய் வருவோம், ஜன்னலை மட்டும் கேட்காதே. மூன்று வருடமாய் வசதியைப் பார்த்து வா என்று நாங்கள் இருவரும் சொல்லி வந்தது பொய். வசதியைப் பாராமல் வா.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி நீடு வாழ வேண்டும். மறந்துவிடாதே, வருவது உன் சொந்த யோசனை என்றே அம்மாவிடம் சொல்லு. மருத்துநீர் இரண்டு தரத்துக்கும் உனக்கும் சேர்த்தே எடுத்து வைக்கிறேன், தடிமன் குளிசையும் வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா