நடுக்கதவும் அண்டாத் தண்ணீரும்

நம் திருமண மண்டபத்தின் நிர்வாகக் குழு, வருங்காலத் தலைமுறைகள் தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்பதை நெடுநேரம் ஆராய்ந்த பிறகு, மண்டபத்தின் மூலைகளில் உள்ள அண்டாக்களின் தண்ணீரைக் கொட்டிவிடுவது என்று ஒருமனதாக முடிவு செய்தது. காரணம், கொசுப்புழு. எதிர்த்துத் தூக்கிய என் கையை யாரும் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் அண்டாவின் பாசி மணம் மூக்கில் ஏறியது. உன் நினைவு வந்தது, மச்சான்.

லகாட் ஊர்ப் பக்கம் ரப்பர் மரங்களை வெட்டிய நிலத்தில் கொரிய அரண்மனை வடிவில் ஒரு திருமண மண்டபம் எழும்பும் என்று நாம் நினைத்ததில்லை. மண்டப முதலாளியின் மனைவி கொரிய நாடகம் பார்ப்பவர். அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. கட்டும் வேலை உனக்கு வந்தது. இரண்டடுக்குக் கல்மேடை, சிவப்புத் தூண்கள், நுனி வளைந்த கூரை, அதன் முகட்டில் பேய் விரட்ட வரிசையாக மண் பொம்மைகள். கூரையடியில் பச்சையும் நீலமுமாகப் பூச்சு. கொரியாவில் அது மரத்தைப் பூச்சி அரிக்காமல் காக்குமாம்.

"இங்க எல்லாம் சிமெண்டுதானே?" என்றேன்.

"கரையானுக்கு அது தெரியாதுலா," என்று மீசையைத் தடவினாய். கேலி பேசும்போது உன் கை அங்கேதான் போகும்.

அண்டாக்களையும் நீதான் வைத்தாய். நெருப்புப் பேய் வந்து எட்டிப் பார்க்குமாம்; தண்ணீரில் தன் முகத்தைக் கண்டு பயந்து ஓடிவிடுமாம். குழு உறுப்பினர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் ஓடவில்லை.

வாசலில் மூன்று கதவுகள். நடுக்கதவு ராஜாவுக்கு மட்டும் என்று பூட்டிவிட்டாய். ஒரு மாப்பிள்ளை கெஞ்சினான்: "இன்னிக்கு நானும் ராஜாதான் அங்கிள்."

"ஒரு நாள் ராஜாவுக்கு சைடு கதவு போதும்லா தம்பி."

கடைசியில், ஆஸ்பத்திரியில், அந்தப் பூட்டின் ஒரே சாவியை என் கையில் வைத்தாய். "ராஜா கெளம்புறப்ப தொறந்து விடு, மச்சான்." அப்போது உன் கை மீசைக்குப் போகவில்லை.

மண்டபத்துச் சமையலறையை இப்போது உன் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். மாலையில் இரண்டு டம்ளர் தேநீர் கலக்குவாள். ஒன்றை அண்டாவின் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பாள். குழுவின் முடிவைச் சொன்னேன்.

"அவரு இதுலதான் இருக்காரு அண்ணே. தண்ணிய கொட்டிட்டா எங்க போவாரு?"

நான் பகுத்தறிவுள்ளவன். அவளைத் தேற்றத்தான் எட்டிப் பார்த்தேன். கூரையின் வண்ணங்கள் தெரிந்தன. நடுவே ஒரு முகம். அதற்கு மீசை இருந்தது. எனக்கு மீசை கிடையாது. இதை எந்த விதியின் கீழ் எழுப்புவது என்று தெரியாததால் குழுவிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்டாக்களைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் பக்கத்தில் இருந்த வடிகாலுக்குப் போகாமல், முற்றத்தின் நடுப்பாதையில் வாசலை நோக்கி ஓடியது. தரை மட்டம் சரியில்லை என்றார் தலைவர். நீ மட்டம் பார்த்த தரை அது.

மறுநாள் காலை நடுக்கதவு விரியத் திறந்து கிடந்தது. காற்று என்று குழு முடிவு செய்தது. அன்று மாலை உன் மனைவி ஒரு டம்ளர் தேநீர்தான் கலக்கினாள். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.