லாப்ரடார், பெண், பதினோரு வயது

பழுப்பு உறை ஒன்று என் மேஜைமேல் கிடக்கிறது. உன் மகள் இன்று மதியம் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே உன் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஸ்கேன் படம். அதன் மேல்விளிம்பைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருக்கிறாய். பெயரும் வயதும் தேதியும் இருக்கும் அந்த அரை அங்குலம் மட்டும் இல்லை. ஏன் வெட்டினாய் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் பார்த்த உடனே புரிந்தது. அப்படி வெட்ட வேண்டும் என்று சட்டம் போட்டவளே நான்தானே.

"ஆன்ட்டி, நீங்களும் டாக்டர்தானே. இதெல்லாம் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ட்ரீட்மென்ட் எடுத்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?"

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து மாதமாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன். நான் நாய்க்கு ஊசி போடுகிற டாக்டர்தாம்மா என்று நழுவப் பார்த்தேன். அவள் நகரவில்லை. பிடிவாதம் அப்படியே உன்னுடையது.

நம் டாக்டர்கள் குழுவை ஆரம்பித்தது நீயும் நானும்தான். கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. நீ கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து படித்தவள், சுரங்கத் தொழிலாளியின் மகள். நான் மூன்று தலைமுறையாக இதே ஊரில் அரசாங்க உத்தியோகம் பார்த்த வீட்டுப் பெண். "உங்கூட்ல ஃபைலுக்கு நோவு வந்தாத்தான் வைத்தியம் பாப்பீங்க" என்று கிண்டல் செய்வாய். பிறகு நீ பிரேசர் டவுனில் கிளினிக் போட்டாய், நான் நீலசந்திராவில். ஆளுக்கு ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து தனியாகத் தப்பு செய்துகொண்டிருந்தோம். கேட்க ஆள் இல்லாமல் தவித்ததால்தான் வாட்ஸ்அப்பில் அந்தக் குழு. ஆறு பேரில் தொடங்கி இருநூறு பேர் ஆனோம். ஒருமுறை எங்கோ ஒரு கொட்டகையில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு, ஒரு டாக்டர் மாட்டுக்குள் கையை விட்டபடி கதறினார். மாட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டிருக்க, நீ குரல் செய்தியிலேயே வழி சொல்லி அந்தக் கன்றை உயிரோடு வெளியே எடுக்க வைத்தாய். அதற்குப் பிறகு உன் வார்த்தைக்கு அங்கே தனி மரியாதை.

என் வார்த்தைக்கு மரியாதை இல்லை, பயம் இருந்தது. வயது, ஆணா பெண்ணா, அறிகுறி எழுது, படத்தில் பெயரை வெட்டிவிட்டுப் போடு, இதெல்லாம் நான் எழுதி வைத்த சட்டம். எழுதாத சட்டமும் ஒன்று என்னால் வந்தது. பிழைக்குமா என்று கேட்டால் பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் பிராணியை இன்னும் பத்து நாள் குளுக்கோஸில் தொங்க விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இருநூறு பேருக்கு முன்னால் கிழித்துவிடுவேன். "நீ போடற ஊசி வலிக்கும்டி, ஆனா சீழ் புடிக்காது" என்பாய். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமையோடு இருந்த ஒரு மதியம்தான் உன் பதிவு வந்தது. நாம் அங்கே எழுதுவது ஆங்கிலத்தில். தமிழில் இப்படி வரும்: லாப்ரடார், பெண், பதினோரு வயது, கர்ப்பப்பை எடுத்தது. பசி இல்லை, எடை இறங்குகிறது, கண் வெள்ளை மஞ்சளாகிறது, வயிற்றில் நீர். ஸ்கேனில் கணையத்தில் கட்டி, கல்லீரலில் பல இடத்தில். ஓனர் ஒரே ஆள், உயிரையே வைத்திருக்கிறார், எதற்கும் தயார். கீமோ கொடுத்துப் பார்க்கலாமா? நாய் நல்ல குணம், கடிக்காது.

அந்த லாப்ரடார் நீதான். வயதை நாய்க் கணக்குக்கு மாற்றி, கர்ப்பப்பை எடுத்தது வரைக்கும் உண்மையை எழுதியிருக்கிறாய். கடிக்காது என்பது மட்டும் பொய்.

எனக்கு அது தெரியாது. கூட வந்த, பெயர் வெட்டிய ஸ்கேன் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஒரு கையில் தயிர்சாதக் கரண்டியோடு மறு கையால் பதில் அடித்தேன். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது. கத்தியும் வேண்டாம், கீமோவும் வேண்டாம். வலிக்கு மட்டும் மருந்து கொடு. சாப்பாட்டை நிறுத்துகிற அன்று ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடு. ஓனரை உட்கார வைத்துப் பேசு, அவருடைய ஆசைக்கு அந்தப் பிராணியைப் படுத்த வேண்டாம்.

ஹுப்ளியிலிருந்து ஒரு டாக்டர் மட்டும் மறுத்து எழுதினார். தன்னிடம் இதே மாதிரி ஒன்று வந்ததாம், கீமோ கொடுத்து எட்டு மாதம் இருந்ததாம், சாப்பிட்டது, வாலாட்டியது, வாசல்வரை நடந்தது என்றார். நான் விடுவேனா? எட்டு மாதம் யாருக்கு சார், நாய்க்கா உங்களுக்கா என்று கேட்டேன். பதினோரு பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்களைப் போட்டார்கள். அந்த மனிதர் அதோடு வாயை மூடிக்கொண்டார். நீ என் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாய். நான் மிச்சச் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

ஒன்பது நாள் கழித்து நீ என் கிளினிக்குக்கு வந்தாய். ஒரு பொமரேனியனுக்குக் காது துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன்.

"என்னடி, கண்ணு இப்படி மஞ்சளா இருக்கு?"

"அதான் போஸ்ட் போட்டனே. பதினோரு வயசுன்னு."

"என்ன உளர்றே?"

"இன்னாடி முழிக்கிற? லாப்ரடார்னு போட்டேன். நாட்டு நாய்னு போட்டிருந்தா இன்னும் ரெண்டு நாள் சேத்துக் குடுத்திருப்ப."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்த நாயின் சொந்தக்காரம்மாளும் என்ன ஏது என்று தெரியாமல் கூடச் சிரித்தார். அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மனுஷங்களுக்கு வேற மருந்து, வேற கணக்கு, நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன் என்று கத்தினேன். நீ என் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாய்:

"நாய்க்குன்னா நெசம், எனக்குன்னா பொய்யா? ஆஸ்பத்திரில அந்த டாக்டரு பாசிட்டிவா இருங்கம்மான்றாரு. பாசிட்டிவா இருந்தா கட்டி கரைஞ்சிடுமா? ஒருத்தராவது நெசம் சொல்லணும்டி. நேரா கேட்டா நீயும் அழுதுனே பொய் சொல்லுவ. அதான் நாயாயிட்டேன்."

நீ கீமோவுக்குப் போகவில்லை. அதன் பிறகு ஏழு வாரம்தான் இருந்தாய். நான் தினமும் விவேக் நகர் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து உன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஹுப்ளிக்காரரை ஊரறிய அவமானப்படுத்திய அதே வாயால் அவர் சொன்ன எட்டு மாதத்தை உனக்கு எடுத்துச் சொன்னேன். "ஆயித்துடி, வுடு" என்று, ஆகிவிட்டது என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்துவிடுவாய்.

இதையெல்லாம்விட ஒரு சாயங்காலத்தை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். உன் மகள் உன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை கீமோ எடுத்துப் பார்ப்போம்மா, முடியலைன்னா நிறுத்திடலாம் என்று கேட்டாள். நீ அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாய்: "உன் ஆசைக்கு என்னைப் படுத்தாத பாப்பா." அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். அது என் வாக்கியம். இது உங்கம்மா வார்த்தை இல்லைம்மா, ஏதோ ஒரு நாய் என்று நினைத்து நான் எழுதியது என்று எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். எனக்குத் தைரியம் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இன்று மதியம் அவள் எதிரில் உட்கார்ந்திருக்க, உன் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்காவது நான் தவறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே படித்தேன். தவறவில்லை. நாளைக்கு இதே படம் வந்தாலும் இதே பதிலைத்தான் எழுதுவேன்.

"பிழைச்சிருக்க மாட்டாம்மா" என்றேன். "சில மாசம் கிடைச்சிருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம்."

"எவ்ளோ மாசம்?"

"தெரியாது."

ரெண்டு கவளத்துக்கு நடுவில் தீர்ப்பு எழுதியவள் தெரியாது என்கிறேன். எனக்கே அருவருப்பாக இருந்தது. போனை எடுத்து அந்தப் பதிவைத் தேடி அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். என் பதிலுக்கு வந்ததும் விரலால் மேலே தள்ளி மறுபடியும் படித்தாள்.

"ஓனர்னா நானா ஆன்ட்டி?"

"ஆமாம்மா."

"ஆசைக்குப் படுத்த வேண்டாம்னு... இது அம்மா என்கிட்ட சொன்னது."

"நான் சொன்னது. அம்மா உன்கிட்ட திருப்பிச் சொன்னா."

ஆட்கள் பூனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெஞ்சில் போய் அவள் உட்கார்ந்தாள். திட்டுவாள், போனைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சிரிப்பு முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு யார் யார் என்று பெயர் பார்த்தாள்.

"அம்மான்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"சத்தியமா தெரியாது."

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். முப்பது வருஷமா தெரியும்."

அவள் எழுந்து வந்து போனை என் மேஜைமேல் மெல்ல வைத்தாள். "அப்போ அவங்க ஒபினியன் கேக்கல ஆன்ட்டி. என்கிட்ட கேட்டா நான் விட மாட்டேன்னு தெரிஞ்சு, இரக்கம் பாக்காத ஆளாப் பாத்துக் கேட்டிருக்காங்க" என்றாள். உறையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். வெளியே ஆட்டோவைக் கூப்பிடும் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

நீ செய்தது எனக்குத் துரோகம் என்று அவள் போன பிறகுதான் உறைத்தது. உன்னைத் தூங்க வைக்கச் சொல்லி என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குக் கட்டைவிரலும் காட்டியிருக்கிறாய். கோபத்தில் உன் ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கண்டபடி ஏசினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அவளிடம் நீ கேட்காதது அவள் தாங்க மாட்டாள் என்பதால். அது எனக்குப் புரிகிறது, தாய் அப்படித்தான் யோசிப்பாள். ஆனால் என்னிடம் கேட்பதற்கு முன்னால், முப்பது வருஷம் கூட இருந்தவள், இவளும்தான் தாங்க மாட்டாள் என்று உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே.