பொய்ப் பட்டன் வைத்த சட்டை

ஜூன் 4, வியாழன்

காலையிலிருந்து பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். சிறுமலைப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது, இங்கே ஒரு துளி இல்லை.

இன்றைக்கு: எதிர்வீட்டு டீச்சர் ஜாக்கெட்டுக்கு ஊக்கு. கேஸ் புக் பண்ண. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. அத்தா சட்டைக்குத் துணி.

கடைசி வேலைக்கு மட்டும் மூன்று கடை. எனக்கு வேண்டியது பார்க்கச் சட்டைத் துணி, இழுத்தால் பனியன். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்றே தெரியாமல்தான் போனேன்.

ஜனவரியில் அத்தாவுக்கு வாதம் வந்ததிலிருந்து இடது கை தூக்காது, மடங்காது. ஜிப்பா போட்டுப் பார்த்தோம், அக்குளில் சிக்கிக்கொண்டது. சட்டை என்றால் யாராவது பட்டன் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் அம்மா போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற பிள்ளை மாதிரி அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றோடு சட்டையை விட்டார். பனியனோடு வாசல் தாண்ட மாட்டார். ஆக, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை இல்லை. பெருநாள் தொழுகைக்கும் போகவில்லை. தோல் மண்டியில் அத்தனை நாற்றத்திலும் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மனிதர்.

மூன்றாவது கடை, மார்க்கெட் பின்னால். திருப்பூர் கட் பீஸை எடை போட்டு விற்கிறவர். ஒரு துணி இழுத்தால் இழுத்தபடியே நின்றது. இரண்டே நாளில் முழங்கை தொங்கிவிடும். இன்னொன்று நல்ல காட்டன், ஆனால் தூரத்திலிருந்தே பனியன். பிறகு மூட்டைக்கு அடியில் ஒரு வெள்ளை. வெளிச்சத்தில் பிடித்தால் லினன் சட்டை போலவே தடித்தும் மெலிந்தும் நூல் ஓடுகிறது. இழுத்தேன், வந்தது. விட்டேன், மெதுவாகத் திரும்பியது.

"லினன் கலந்த பனியன் துணிம்மா. வெள்ளை இம்புட்டுதான் இருக்கு. இழுத்துக்கிட்டே இருக்கீங்களே, அதுக்கும் நோகும்ல?"

சிரித்தேன்.

"யாருக்கு, நைட்டியா?"

"எங்க அத்தாவுக்கு. அப்பாவுக்கு. சட்டை."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது.

ஊக்கு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 5, வெள்ளி

துணியை ஊறவைத்தேன். லினன் சுருங்கும், வெட்டின பிறகு சுருங்கினால் எல்லாம் போச்சு. கொடியில் போட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும் என்று பாயில் விரித்தேன். பூனை வந்து படுத்தது. மறுபடி அலசினேன்.

ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னதும் அத்தா முன்அறை நாற்காலியிலிருந்து எழுந்தார். நம் வாசல் வழியாகத்தான் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போவார்கள்.

"எங்க போறீகத்தா?"

"தண்ணி குடிச்சிட்டு வாரேன்."

தண்ணீர் ஜாடி நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. தொழுகை முடிந்து தெரு அடங்கும்வரை உள்அறையிலேயே இருந்தார்.

ஜூன் 6, சனி

வெட்டியாகிவிட்டது.

அம்மா பீரோவிலிருந்து அளவுச் சட்டை எடுத்துக் கொடுத்தார். பெருநாளுக்கென்று போன வருடம் தைத்தது, அத்தர் வாசனை போகவே இல்லை. என்னிடம் வருகிற யாரும் டேப் வைத்து அளக்க விடுவதில்லை, பழைய ஜாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்து இதே மாதிரி என்பார்கள். அதே பழக்கம்தான் கைக்கு. சட்டையை நடுவில் மடித்து, துணியையும் இரண்டாக மடித்து, மேலே வைத்துச் சுற்றிலும் சாக்பீஸ். கழுத்து மட்டும் கொஞ்சம் அகலம், தலை நுழைய வேண்டும். முன்பக்கம் திறப்பு கிடையாது. மேலே பட்டி வைத்து வரிசையாகப் பட்டன். சும்மா பார்வைக்கு.

அம்மா: "ரெடிமேட்ல டீ-சர்ட் ஒண்ணு வாங்கிரலாம்ல?"

உள்ளேயிருந்து அத்தா: "அது காலேஜ் பயலுக போடுறது."

ஜூன் 8, திங்கள்

இந்தத் துணியை நெய்தவன், பின்னியவன், விற்றவன் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

ஜாக்கெட் தைக்கிற ஊசி ஒவ்வொரு குத்துக்கும் ஒரு ஓட்டை போட்டது. தையல் விட்டு விட்டு விழுந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நுனி மழுங்கின பனியன் ஊசி வாங்கி வந்தேன். வந்தால் கரண்ட் இல்லை. வந்த பிறகு அடிமடிப்பு வாழை இலை ஓரம் மாதிரி நெளிந்தது. பிரித்தேன், நூலோடு துணியும் கண்ணி விட்டது. மிஷின் மேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். ஒரு சட்டைக்கு யாராவது அழுவார்களா? அழுதேன்.

அப்புறம் பேப்பரைப் பட்டையாகக் கிழித்து அடியில் வைத்துத் தைத்து, பேப்பரை உரித்து எடுத்தேன். நெளியவில்லை. துணியை நான் இழுக்கவே கூடாது, அது போகிற போக்கில் விட வேண்டும். அது எனக்கு வராத குணம்.

டீச்சர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

ஜூன் 9, செவ்வாய்

போட்டுப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு, "யாரும் வராதீக" என்று. இடது கையை எடுத்து முதலில் சட்டைக் கைக்குள் விட்டு, தலை, அப்புறம் வலது கை. எல்லாம் தானாகவே.

வெளியே வந்தார். கழுத்து இடது பக்கம் சரிந்து தோள் தெரிகிறது. இடது ஓரம் தொடையில் தொங்குகிறது. காலர் காது பக்கம்.

துணியை மடித்து வெட்டினேன். மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வரும். அத்தாவுக்கு இரண்டு பக்கமும் இப்போது ஒன்றில்லை. இடது தோள் இறங்கிவிட்டது. தினமும் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான். அந்தத் தோளை ஒரு நாளும் பார்த்ததில்லை. போன வருடத்துச் சட்டையை வைத்துப் போன வருடத்து அத்தாவுக்குத் தைத்திருக்கிறேன்.

"பரவால்லம்மா. வீட்ல போட்டுக்கிறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தொளதொளவென்று இருந்ததால் அவர் உதறிய ஒரு உதறலில் சட்டை கழன்று விழுந்தது.

ஜூன் 10, புதன்

காற்று இல்லை. புழுக்கம்.

டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"அளவுச் சட்ட குடுத்தோம்ல?"

"அது பழைய அளவுத்தா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். அத்தா தோளில் நான் கை வைத்து எத்தனை காலம் இருக்கும். எலும்பு தட்டியது.

"எம்புட்டு எறங்கியிருக்கு?"

"கொஞ்சந்தான்."

"பொய் சொல்லாத."

"ரெண்டு விரக்கடை."

"ம்" என்றார். பெட்டியில் வைக்கிறதுபோல அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

மிச்சத் துணியை மடிக்காமல் விரித்துப்போட்டு, வலதுக்குத் தனி, இடதுக்குத் தனி. பின்பக்கத்தில் ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. தொங்காமல் இருக்கட்டும் என்று இந்தத் தடவை உடம்போடு ஒட்டி வெட்டினேன். ஒரு சாண் துணிகூட மிச்சமில்லை.

ஜூன் 11, வியாழன்

சட்டை! சத்தியமாகச் சட்டை. தோள் தோளில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா கையில் கரண்டியோடு வந்து பார்த்துக்கொண்டே நின்றார். அடுப்பில் வெஞ்சனம் தீய்ந்தது.

அத்தா பட்டனைத் தடவினார். "தொறக்காத பட்டன் எதுக்கு?"

"பாக்குறவங்களுக்கு."

சிரித்தார். வாயில் ஒரு பக்கம் மட்டும்தான் போனது, ஆனால் சிரிப்பு. பிறகு வலது கை நெஞ்சுக்குப் போய்த் தேடியது.

"பை?"

துணி இல்லை, இருந்தாலும் இந்தத் துணியில் பை இழுத்துத் தொங்கும் என்றேன்.

"தொப்பிய எங்க வைக்க? கண்ணாடிய?"

அளவுச் சட்டையின் பையைப் பிரித்தேன். "நல்ல சட்டையாச்சே" என்றார் அம்மா. பிறகு அவரே, "சரி, எடு. இனி அத யாரு போட" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். பை இருந்த இடம் மட்டும் புதுசு போல வெளுப்பாக இருந்தது. பின்னால் கேன்வாஸ் துண்டு வைத்து, அத்தா மேலேயே குண்டூசி குத்திப் பார்த்தேன். ஊசி குத்திவிடப் போகிறதே என்று சட்டையை நானே பார்த்துப் பார்த்துக் கழற்றினேன்.

டீச்சர் ஜாக்கெட் முடிந்தது. ஊக்கு இல்லாமல்.

ஜூன் 12, வெள்ளி

போனார்!

கை கால் முகம் கழுவி ஒளு செய்து, தானே போட்டுக்கொண்டு, தொப்பியைப் பையில் வைத்து, ஆட்டோவில். நானும் அம்மாவும் கதவிடுக்கு வழியாகப் பார்த்தோம், கல்யாணப் பெண்ணை அனுப்புகிறதுபோல.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் வேர்வை. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பள்ளியில் ஃபேன் ஓடவில்லையாம். ஆனால் பேச்சு நிற்கவில்லை. "எங்க தச்சதுன்னு கேக்குறாங்கம்மா. என் மகள்னேன்." அடுத்த வெள்ளிக்கு இஸ்திரி போட்டு வை என்றார். சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பிட வருகிறேன் என்று உள்ளே போனார்.

சோறு போட்டேன். ஆறியது. நாற்காலி நகர்கிற சத்தம்.

"அத்தா?"

"வாரேன், வாரேன்."

இன்னும் செத்த நேரம். ஏதோ தரையில் உருண்டது. கதவைத் தள்ளினேன்.

சட்டை பாதி தலைக்கு மேல். ஈரத்தில் ஒட்டிப் பிடித்து ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முகம் உள்ளே. வலது கை மேலே மாட்டிக்கொண்டு நிற்கிறது. இடது கை அதுபாட்டுக்குத் தொங்குகிறது. காலடியில் இரண்டு பட்டன், நூலோடு பிய்ந்து. திறக்காது என்று தெரிந்தும் திறந்து பார்த்திருக்கிறார்.

போடுகிறதை மட்டுமே இத்தனை நாளும் யோசித்திருக்கிறேன்.

"யாரு?" துணிக்குள்ளிருந்து.

"நாந்தான்த்தா."

"அம்மாவக் கூப்புடாத."

பிறகு தலையை என் பக்கம் குனிந்து கொடுத்தார். கழுத்திலிருந்து தொடங்குவதா, கையிலிருந்தா, எனக்குத் தெரியவில்லை.